விழும் பக்கம் திருப்பு

ஸ்டாண்டைத் தட்டிவிட்டு, சைக்கிளை நேராக நிறுத்திக் கையை எடுங்கள். ஒன்று, இரண்டு என்று எண்ணி முடிப்பதற்குள் அது தரையில் கிடக்கும். அதே சைக்கிளைச் சரிவான பாதையில் கூடவே ஓடித் தள்ளிவிட்டால்? மேலே ஆள் இல்லை. ஹேண்டில் பாரைப் பிடிக்கக் கை இல்லை. ஆனாலும் லேசாக அலைந்துகொண்டே வெகுதூரம் போய், வேகம் குறைந்த பிறகுதான் சாய்கிறது. நிற்கும்போது விழுகிற பொருள் ஓடும்போது ஏன் விழவில்லை?

சைக்கிள் ஓட்டத் தெரிந்த எல்லாருக்கும் இந்தக் கேள்வி ஒருமுறையாவது வந்திருக்கும். பழக்கிவிடுகிறவர்களுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. முந்தாநாள் வரை பத்தடி போகத் திணறிய குழந்தை இன்று தெருமுனை வரை போய்விடுகிறது. "பேலன்ஸ் வந்துருச்சு" என்கிறோம். மழை வந்தது, காய்ச்சல் வந்தது என்பதுபோல எங்கிருந்தோ ஒன்று வந்து சேர்ந்த மாதிரி சொல்கிறோம். உண்மையில் எது வந்தது? எங்கே வந்து உட்கார்ந்தது?

சென்ற கோடை விடுமுறையில் என் தங்கை மகளுக்கு சைக்கிள் பழக்கினேன். அவளுக்கு வயது ஐந்து. ஊரில் நெல் காயப்போடும் சிமெண்டுக் களம் மே மாதத்தில் காலியாகக் கிடக்கும். அதுதான் எங்கள் மைதானம். இந்த அத்தியாயத்தின் அறிவியலை நான் புத்தகங்களில் படித்திருந்தேன். ஆனால் அது கண்ணில் பட்டது அந்தக் களத்தில்தான்.

பம்பரம் என்ற பதில்

பள்ளிக்கூடத்தில் நமக்குக் கிடைத்த விடை இது: சுழலும் சக்கரம் சுழலும் பம்பரத்தைப் போன்றது, பம்பரம் சுற்றும்வரை விழாது, ஆகவே சக்கரம் சுற்றும்வரை சைக்கிளும் விழாது. சுழல்கிற பொருள் தன் அச்சை எளிதில் சாயவிடாத இந்தக் குணத்தைப் பம்பர விளைவு என்று அழைப்போம்.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் தங்கை மகளின் சைக்கிளை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 16 அங்குலச் சக்கரம். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.3 மீட்டர் நகரும். அவள் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் போனால், அதாவது ஒருவர் பக்கத்தில் மெல்ல ஓடிவரும் வேகத்தில் போனால், சக்கரம் நொடிக்கு ஒன்றரைச் சுற்றுத்தான் சுற்றுகிறது. அந்த வேகத்தில் எந்தப் பம்பரமாவது நிற்குமா? தலை ஆடி எப்போதோ விழுந்திருக்கும். அந்தச் சின்னச் சக்கரங்களா ஒரு குழந்தையையும் சேர்த்துத் தூக்கி நிறுத்துகின்றன?

டேவிட் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் வேதியியலாளர் இதைச் சோதித்தே பார்த்தார். யாராலும் ஓட்ட முடியாத சைக்கிள் ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்பது அவர் எண்ணம். எந்த உறுப்பைக் கெடுத்தால் சைக்கிள் ஓட்டவே முடியாமல் போகிறதோ, அந்த உறுப்பில்தானே ரகசியம் இருக்க வேண்டும்? முன்சக்கரத்தின் பக்கத்திலேயே தரையில் படாத இன்னொரு சக்கரத்தைப் பொருத்தி அதை எதிர்த்திசையில் சுழலவிட்டார். ஒன்றின் பம்பர விளைவை மற்றொன்று கழித்துவிடும். ஏறி ஓட்டினார், சிரமமில்லாமல் ஓடியது. 1970-இல் இந்தச் சோதனைகளை ஒரு கட்டுரையாக வெளியிட்டார். முன்சக்கரத்தை நன்றாக முன்னே தள்ளி வைத்த இன்னொரு சைக்கிள்தான் அவரை உண்மையாகவே திணறடித்தது. அதையும்கூட எப்படியோ ஓட்டிவிட முடிந்தது.

பம்பர விளைவே இல்லை என்று சொல்லவில்லை. பெரிய சைக்கிள் வேகமாகப் போகும்போது அதற்கும் சிறு பங்கு உண்டு. ஆனால் விழாமல் காப்பது அது அல்ல.

ஒட்டடைக் குச்சி

சிறுவயதில் உள்ளங்கையில் ஒட்டடைக் குச்சியை நட்டுக்கொண்டு வாசலில் நடந்திருப்பீர்கள். குச்சி இடப்பக்கம் சாய்ந்தால் என்ன செய்தோம்? கையை இடப்பக்கமே கொண்டுபோனோம். விழுகிற குச்சிக்கு அடியில் ஓடிப்போய்க் கையை வைத்தோம். வலப்பக்கம் இழுத்திருந்தால் குச்சி இன்னும் சீக்கிரம் விழுந்திருக்கும்.

சைக்கிளும் இதேதான். ஒரு பொருளின் எடை முழுவதும் ஒரே புள்ளியில் திரண்டிருப்பதாக நினைத்துக்கொள்ளலாம். அந்தப் புள்ளிக்குப் பெயர் ஈர்ப்பு மையம். அதற்கு நேர் கீழே தாங்குகிற இடம் இருக்கும்வரை பொருள் நிற்கும். சைக்கிளைத் தாங்குவது இரண்டு சக்கரங்கள் தரையைத் தொடும் மெல்லிய கோடு. ஓட்டுகிறவர் இடப்பக்கம் சாய்ந்தால், அந்தக் கோட்டை இடப்பக்கம் நகர்த்தியாக வேண்டும். கோட்டைப் பக்கவாட்டில் நகர்த்தச் சைக்கிளில் இருக்கும் ஒரே வழி, ஹேண்டில் பாரை அந்தப் பக்கம் திருப்பி, சக்கரங்கள் அங்கே உருண்டு போகும்படி விடுவது. உருளாத சக்கரத்தை எத்தனை திருப்பினாலும் கோடு நகராது. நிற்கும் சைக்கிள் விழுவதும் ஓடும் சைக்கிள் விழாததும் இதனால்தான். ஓட்டம் சைக்கிளைத் தூக்கிப் பிடிப்பதில்லை. விழுகிற பக்கம் ஓடிப்போய்த் தாங்குவதற்கு வழி தருகிறது, அவ்வளவே.

விழும் பக்கம் திருப்புவது: இந்த மூன்று சொற்கள்தான் சைக்கிள் கலை முழுவதும்.

ஆள் இல்லாத சைக்கிளை யார் திருப்புகிறார்கள்? அதற்கு வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். சைக்கிளை சீட்டில் மட்டும் பிடித்து நிறுத்துங்கள். ஹேண்டில் பாரைத் தொட வேண்டாம். மெல்ல இடப்பக்கம் சாய்த்துப் பாருங்கள். முன்சக்கரம் தானாகவே இடப்பக்கம் திரும்பும். வலப்பக்கம் சாய்த்தால் வலப்பக்கம். ஃபோர்க்கின் சாய்வு, முன்பகுதியின் எடை பரவியிருக்கும் விதம் எல்லாம் சேர்ந்து இப்படிச் செய்கின்றன. 2011-இல் அமெரிக்காவின் கார்னெல், நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள், பம்பர விளைவையும் ஃபோர்க் அமைப்பின் உதவியையும் நீக்கிவிட்டு ஒரு வண்டி செய்தார்கள். சின்னஞ்சிறு சக்கரங்கள், மேலே ஆள் கிடையாது. அதுவும் தன்னைத்தானே நிமிர்த்திக்கொண்டு ஓடியது. வழி வேறானாலும், சாயும்போது சாய்ந்த பக்கம் திரும்புகிற குணத்தை அது விட்டுவிடவில்லை.

முதல் நாள் தங்கை மகள் ஹேண்டில் பாரை இறுக்கிப் பிடித்த பிடியில் விரல் கணுக்கள் வெளுத்துப் போயிருந்தன. சாயும்போது தானாகத் திரும்ப வந்த சக்கரத்தை அவளே தடுத்துக்கொண்டிருந்தாள். "புறாவைப் பிடிச்ச மாதிரி பிடி" என்றேன். சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிய நானும் அதே தவறைத்தான் செய்துகொண்டிருந்தேன் என்பது மறுநாள்தான் உறைத்தது. அவள் சாயத் தொடங்கும் முன்பே நான் நிமிர்த்திவிட்டேன். சாய்வே தெரியாதவளுக்கு எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று எப்படித் தெரியும்?

நான்கு டிகிரி

ஒரே ஒரு சாய்வை எடுத்துக்கொண்டு, நொடி நொடியாகப் பார்ப்போம்.

குழந்தையும் சைக்கிளும் சேர்ந்த ஈர்ப்பு மையம் தரையிலிருந்து சுமார் 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். இரண்டு சக்கரங்களும் தரையைத் தொடும் இடங்களுக்கு இடையே 75 சென்டிமீட்டர். குழந்தை இடப்பக்கம் 1 டிகிரி சாய்கிறது. பார்க்கிறவர் கண்ணுக்கே தெரியாத சாய்வு. ஹேண்டில் பார் அசையவில்லை என்றால் அரை நொடியில் அது 4 டிகிரி ஆகிவிடும். முக்கால் நொடியில் 10. ஒரு நொடி ஆகும்போது 25-ஐத் தாண்டியிருக்கும். அதன் பிறகு மீட்க வழியில்லை. சாய்வு ஏற ஏற விழும் வேகமும் ஏறுகிறது; கடன் மேல் வட்டி ஏறுவதுபோல.

அரை நொடியில், 4 டிகிரியில், குழந்தை விழித்துக்கொண்டு இடப்பக்கம் திருப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது ஈர்ப்பு மையம் தாங்கும் கோட்டைவிட்டு 4 சென்டிமீட்டர், இரண்டு விரல் அகலம் விலகியிருக்கிறது. சாய்வு இதற்கு மேல் போகாமல் தடுக்க மட்டும் எவ்வளவு திருப்ப வேண்டும்?

சைக்கிள் நொடிக்கு 1 மீட்டர், அதாவது நாம் மெல்ல நடக்கிற வேகத்தில் போனால், ஒன்றரை மீட்டர் ஆரமுள்ள சின்ன வட்டத்தில் வளைந்தாக வேண்டும். அதற்கு ஹேண்டில் பாரை 27 டிகிரி திருப்ப வேண்டும். கிட்டத்தட்ட செங்கோணத்தில் மூன்றில் ஒரு பங்கு. வேகம் நொடிக்கு 2 மீட்டர் என்றால் 7 டிகிரி போதும். 3 மீட்டர் என்றால் வெறும் 3 டிகிரி. அது மணிக்கு 11 கிலோமீட்டர் வேகம்தான்.

சாய்வு ஒன்றே, வேகம் இரண்டு மடங்கானால் வேலை நான்கில் ஒரு பங்காகிறது, மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்காகிறது. நடை வேகத்தில் ஓட்டும் குழந்தை அரை நொடிக்கு ஒருமுறை முன்சக்கரத்தை 27 டிகிரி ஒடித்து, மிஞ்சிப்போனதைச் சரிக்கட்ட உடனே மறுபக்கம் ஒடித்து, மறுபடி இந்தப் பக்கம் ஒடித்து, தேர்ந்த சர்க்கஸ்காரர் செய்யும் வேலையைச் செய்ய வேண்டியிருக்கிறது. பயத்தில் நாம் "மெதுவா, மெதுவா" என்று கத்துகிறோம். அந்தச் சொல் குழந்தையை மிகக் கடினமான இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. "நல்லா மிதி" என்று பின்னால் நின்று சொன்ன தாத்தாக்களின் பக்கம்தான் கணக்கு இருக்கிறது. வேகம் என்றால் கண்மூடித்தனமான வேகம் இல்லை. பக்கத்தில் ஒருவர் மெல்லோட்டம் ஓடினால் ஈடுகொடுக்கிற வேகம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டியது. உள்ளங்கையில் ஒட்டடைக் குச்சியை நிறுத்த முடிகிறது; பென்சிலை நிறுத்த முடிவதில்லை. குட்டையான பொருள் சீக்கிரம் விழும். ஐந்து வயதுக் குழந்தை குட்டை சைக்கிளில், நம்மைவிடக் குறைந்த அவகாசத்தில், நம்மைவிட மெதுவாகச் செயல்படும் கைகளோடு இந்தக் கணக்கைப் போடுகிறது. பெரியவர்கள் "இதுகூட வரலையா" என்று கேட்கும்போது இதை நினைத்துக்கொள்ள வேண்டும். அவள் செய்வது நாம் செய்வதைவிடக் கடினமானது.

பெடலைக் கழற்றுங்கள்

சைடு வீல் பொருத்திய சைக்கிளில் குழந்தை முதல் நாளே ஓட்டிவிடுகிறது. வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. ஆனால் அந்தச் சைக்கிள் சாய்வதில்லை. சாயாத வண்டியில் விழும் பக்கம் திருப்பப் பழக முடியாது. அதோடு ஒரு தவறும் படிந்துவிடுகிறது. ஆட்டோ வளைவில் திரும்பும்போது நாம் வெளிப்பக்கம் தள்ளப்படுவதுபோல, சைடு வீல் வண்டியிலும் உடம்பு வளைவுக்கு வெளியே போகிறது. இரண்டு சக்கரத்தில் உடம்பு வளைவுக்கு உள்ளே சாய வேண்டும். இரண்டு வருடம் சைடு வீலில் ஓட்டிய குழந்தை மிதிக்கப் படித்திருக்கிறது. பேலன்ஸைத் தொடங்கவே இல்லை.

இதற்கான மாற்று 200 ஆண்டு பழையது. 1817 ஜூன் 12 அன்று, ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் கார்ல் ஃபான் டிரைஸ் என்பவர் இரண்டு சக்கரங்களை ஒன்றின் பின் ஒன்றாக வைத்த மர வண்டியில் ஏறிப் புறப்பட்டார். பெடல் கிடையாது, செயின் கிடையாது. இருக்கையில் உட்கார்ந்து காலால் தரையை உந்தி உந்திப் போனார். போக வர ஏறத்தாழ 14 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்துக்குள் கடந்தார். பெடல் வைத்த வண்டி பாரிஸில் பரவியது 1860-களில்தான். மனிதகுலம் முதலில் பேலன்ஸைக் கற்று, அரை நூற்றாண்டு கழித்து மிதிக்கக் கற்றது. குழந்தைக்கும் அதே வரிசை பொருந்துகிறது.

மூன்றாம் நாள் காலையில் பெடல்களைக் கழற்றினேன். ஒரு குறிப்பு: இடப்பக்கப் பெடலின் மரை தலைகீழானது. கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் மல்லுக்கட்டினால் மரை போய்விடும். சீட்டை இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் படியும் அளவுக்கு இறக்கினேன். இனி சைக்கிள் சாய்ந்தால் அவள் கால் இருக்கிறது. என் கை தேவையில்லை.

முதலில் வாத்து நடை. பிறகு இரண்டு எட்டு வைத்து ஒரு சறுக்கு. மாலைக்குள் களத்தின் மெல்லிய சரிவில் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு, மரத்தடி வரை உருண்டு வந்தாள். ஒவ்வொரு சறுக்கிலும் சின்னச் சின்னதாக ஐந்தாறு சாய்வுகள், அவள் கையே கண்டுபிடித்த ஐந்தாறு திருப்பல்கள். யாரும் சொல்லித் தரவில்லை.

எங்கள் தலைமுறையில் யாருக்கும் சின்ன சைக்கிள் கிடைக்கவில்லை. வாடகைக் கடையில் அரைமணி நேரத்துக்கு எடுத்த பெரிய சைக்கிளில், பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டுத்தான் பழகினோம். அதிலும் இதே அறிவியல் இருந்தது. உடம்பு முழுக்க ஒரு பக்கம் தொங்கும். அதைச் சமன்செய்ய சைக்கிள் மறுபக்கம் சாய்ந்திருக்கும். இரண்டும் சேர்ந்த ஈர்ப்பு மையம் மட்டும் சக்கரக் கோட்டுக்கு மேலேயே இருக்கும். கால் எப்போதும் தரைக்குப் பக்கத்தில் இருந்ததால் விழுவது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின்போது, கல்குவாரித் தொழிலாளர்களும் அங்கன்வாடி ஊழியர்களுமாக ஆயிரக்கணக்கான பெண்கள் சேலையோடு சைக்கிள் பழகினார்கள். குழந்தையாக இருந்தபோது அந்த அரைமணி வாடகை சைக்கிள் கிடைக்காதவர்கள் அவர்கள். பேலன்ஸ் வருவதற்கு வயது வரம்பு இல்லை என்பதை அந்த மாவட்டத்துச் சாலைகள் பார்த்தன.

சொல்லில் நிற்காத அறிவு

நான்கு டிகிரிக் கணக்கை நான் மனப்பாடமாகச் சொல்வேன். அதைத் தங்கை மகளுக்குச் சொல்லியிருந்தால் அவள் ஓட்டியிருப்பாளா? இந்தக் கேள்வியை மைக்கேல் போலனி கேட்டார். ஹங்கேரியில் பிறந்து, இங்கிலாந்தில் வேதியியல் பேராசிரியராக இருந்து, பிறகு தத்துவத்துக்கு வந்தவர். 1958-இல் வந்த தம் நூலில், சைக்கிள் ஓட்டுபவரின் கை எந்த விதியைப் பின்பற்றுகிறது என்பதை எழுதிவிட்டு, அந்த விதி தெரிந்தவருக்கு அதனால் ஓட்ட வராது, ஓட்டத் தெரிந்தவருக்கு விதி தெரிந்திருப்பதும் இல்லை என்பதைச் சுட்டிக்காட்டினார்.

காரணம், இந்த அறிவு மூளையில் வேறு வீட்டில் குடியிருக்கிறது. 1953-இல் ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்க இளைஞருக்கு வலிப்பு நோய்க்காக மூளையின் ஒரு பகுதியை அறுவை சிகிச்சையில் அகற்றினார்கள். அதன்பின் புதிதாக எதையும் அவரால் நினைவில் வைக்க முடியவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரிடம் ஒரு நட்சத்திரப் படத்தைக் கொடுத்து, கண்ணாடியில் மட்டும் பார்த்து அதன் ஓரத்தை வரையச் சொன்னார். மூன்று நாளில் அவர் கை தேர்ந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு நாளும் அவரைப் பொறுத்தவரை அதுதான் முதல் நாள்; முன்பு வரைந்ததே அவருக்கு நினைவில்லை. நடந்ததைச் சொல்லும் நினைவு ஓரிடம், செய்யும் நினைவு வேறிடம். சைக்கிள் பழக்கம் இரண்டாவது இடத்தில், சிறுமூளையும் அதன் கூட்டாளிகளும் காக்கும் பெட்டியில் இருக்கிறது. இருபது வருடம் தொடாவிட்டாலும் சைக்கிள் மறக்காது என்கிறோமே, அது இந்தப் பெட்டியின் உறுதி.

அந்த உறுதி சில சமயம் பிடிவாதமாகவும் மாறும். டெஸ்டின் சாண்ட்லின் என்ற அமெரிக்கப் பொறியாளரிடம், ஹேண்டில் பாரை இடப்பக்கம் திருப்பினால் சக்கரம் வலப்பக்கம் திரும்பும் ஒரு சைக்கிள் இருந்தது. விஷயம் முழுவதும் புரிந்திருந்தும், நாள்தோறும் பயிற்சி செய்து அதை ஓட்ட அவருக்கு 8 மாதம் ஆனது. அவருடைய சின்ன மகனுக்கு 2 வாரம் போதுமாக இருந்தது.

ஈரத் தடம்

ஏழாம் நாள் பெடல்களைத் திரும்ப மாட்டினேன். அன்று மாலை ஒரு வாளித் தண்ணீரைக் களத்தின் குறுக்கே ஊற்றி, அதன் வழியாக அவளைப் போகச் சொன்னேன். காய்ந்த சிமெண்டில் இரண்டு ஈரக் கோடுகள் விழுந்தன. முன்சக்கரக் கோடு ஒரு சாண் அகலத்துக்குப் பாம்புபோல் வளைந்தது. பின்சக்கரக் கோடு அதையே சற்று அடக்கமாகப் பின்தொடர்ந்தது. ஒவ்வொரு வளைவும் ஒரு விழுதல், விழுந்து முடிப்பதற்குள் ஒரு மீட்பு. பத்தாம் நாள் அதே இடத்தில் அந்த அலை நான்கு விரலுக்குள் அடங்கிவிட்டது. நன்றாக ஓட்டுகிறவர்களின் தடத்திலும் அலை இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறுத்துப்போயிருக்கும், அவ்வளவுதான்.

பன்னிரண்டாம் நாள் அவள் வேப்பமரத்தைச் சுற்றி இடப்பக்கம் திரும்பி வந்தாள். தடத்தைக் குனிந்து பார்த்தேன். திருப்பம் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால், கோடு வலப்பக்கமாக இரண்டு விரல் அகலத்துக்குப் புடைத்திருந்தது. இடப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் முதலில் உடம்பு இடப்பக்கம் சாய வேண்டும். உடம்பை இடப்பக்கம் சாய்க்க, சக்கரங்களை ஒரு கணம் வலப்பக்கம் ஓட்டி அடியிலிருந்து உருவ வேண்டும். இதை எதிர்த்திருப்பம் என்று சொல்லலாம். விமானம் கண்டுபிடித்த ரைட் சகோதரர்கள் டேட்டன் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள். இடப்பக்கம் எப்படித் திரும்புகிறீர்கள் என்று பல சைக்கிள்காரர்களிடம் வில்பர் ரைட் கேட்டுப் பார்த்தார். கேட்டவுடன், முதலில் வலப்பக்கம் திருப்புவதாக ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஆனால் எல்லாரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

நானும் கேட்டேன். "மரத்துக்கிட்ட எப்படிம்மா திரும்புன?"

"சும்மாதான் மாமா. அந்தப் பக்கம் பாத்தேன், அது போயிருச்சு."

"இன்னொரு தடவ திரும்பு பாப்போம்" என்று நான் சொல்வதற்குள் மிதித்துப் போய்விட்டாள். வெயிலில் ஈரக்கோடு ஓரத்திலிருந்து காயத் தொடங்கியிருந்தது. வலப்பக்கம் புடைத்திருந்த அந்த இடம் மட்டும் இன்னும் தெரிந்தது.